கப்பியில் ஓர் இனத்தைக் கலக்காமல் வளர்ப்பது எப்படி?

கப்பி மீன் குட்டி போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆணையும் பெண்ணையும் ஒரு பக்கெட்டில் விட்டாலும் மாதத்துக்கு ஒரு தடவை குட்டி வரும். ஆனால் சிவப்பு, நீலம், பாம்புத்தோல் என்று மூன்று வகையை ஆசைப்பட்டு வாங்கி ஒரே தொட்டியில் விட்டவர், ஒரு வருடம் கழித்து அந்தத் தொட்டியைப் பார்க்க வேண்டும். மீன் நிறைய இருக்கும். வால் சிறுத்து, உடம்பில் அங்கங்கே கறுப்பும் ஆரஞ்சும் பொட்டுப் பொட்டாக, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. காசு கொடுத்து வாங்கிய நிறம் ஒன்றிலும் முழுசாக இருக்காது.

இப்படி ஆவதற்குக் காரணம் பெண் கப்பிதான். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் அதன் விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஆணையே பார்க்காவிட்டாலும் ஆறேழு தடவை குட்டி போடும். ஆகவே இனத்தைக் கலக்காமல் வைத்திருக்க நினைப்பவருக்கு முதல் வேலை அழகான ஆணைத் தேடுவது அல்ல. எந்த ஆணோடும் சேராத பெண்ணைக் கையில் வைத்திருப்பது. இதிலிருக்கும் மற்ற வேலை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எதை, எங்கே வாங்குவது

ஒரே ஒரு இனம். இரண்டு வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் உடம்பெல்லாம் சிவப்பான அல்பினோ ஃபுல் ரெட்டில்தான் மயங்குவார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அல்பினோவுக்குக் கண்ணில் கறுப்பு நிறமி கிடையாது. பார்வை மந்தம், வெளிச்சம் அதிகமானால் கூசும், தீவனத்தைத் தேடிப் பிடிப்பதிலும் பின்தங்கும். முதல் இனமாகக் கறுப்புக் கண் உள்ள, ஒரே நிறம் கொண்ட ஒன்றை எடுங்கள். கறுப்புக் கண் ஃபுல் ரெட், மாஸ்கோ ப்ளூ போன்றவை. ஒரே நிறமாக இருந்தால் குறை எது, நிறை எது என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

சென்னை கொளத்தூர் போன்ற சந்தையில் கப்பிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கடைத் தொட்டியில் பல பண்ணைகளிலிருந்து வந்த மீன்கள் இருக்கும். பெண்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஒரே தொட்டியில் கொட்டியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் வயிற்றில் யாருடைய குட்டி இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதனால் அந்த இனத்தைத் தானே வளர்க்கும் ஒருவரிடம் போய், ஒரு ஆண், இரண்டு பெண் சேர்ந்த ட்ரையோவாக வாங்குவதுதான் சரி. மூன்றரை, நான்கு மாத வயது போதும். முழு வளர்ச்சி அடைந்த பெரிய மீன் என்றால் அதற்கு வாழ்நாள் பாதி முடிந்திருக்கும். விற்பவரிடம் அதே ஈற்றில் பிறந்த மற்ற மீன்களையும் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி இருபதும் ஒரே மாதிரி இருந்தால் இனம் நிலைத்திருக்கிறது. ஒன்று மட்டும் ஜொலித்து மற்றதெல்லாம் சுமாராக இருந்தால், அந்த ஒன்று தற்செயலாக அமைந்தது; அதன் குட்டிகள் சுமாரானவற்றைப் போலத்தான் வரும்.

ஆணுக்கு நிகராக உடம்பெல்லாம் நிறம் பிடித்த பெண்ணைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விற்பனைக்காக ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து நிறம் ஏற்றுவது உண்டு. அந்தப் பெண் குட்டி போடாமலே போகலாம்.

வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வையுங்கள். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஆடுகிறதா, மலத்துளையில் சிவப்பு நூல் மாதிரி புழு நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிவப்புப் புழு ஒரு தொட்டியிலிருந்து வலை வழியாக எல்லாத் தொட்டிக்கும் போகும். புதிய மீனுக்கென்று தனி வலை இருக்கட்டும்.

தொட்டியும் தண்ணீரும்

ஒரு தொட்டியில் இது நடக்காது. ஒரு தாய்க்கும் அதன் குட்டிகளுக்குமே குறைந்தது ஐந்து வேண்டும்: ஜோடி சேர்க்க ஒன்று, குட்டி போட ஒன்று, குட்டி வளர ஒன்று, வளரும் ஆண்களுக்கு ஒன்று, வளரும் பெண்களுக்கு ஒன்று. கழித்த மீன்களுக்கு ஆறாவதாக ஒரு பிளாஸ்டிக் டப். கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆண், பெண் வளரும் தொட்டிகளாவது கண்ணாடியாக இருந்தால் பக்கவாட்டில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் விளிம்பு வரை 42 லிட்டர். மேலே இடைவெளி விட்டு ஊற்றினால் 35 லிட்டர் சுமாராக நிற்கும். வளரும் தொட்டிக்கு இந்த அளவு சரி. ஜோடி சேர்க்கவும் குட்டி போடவும் 15, 20 லிட்டர் போதும்.

அடியில் கல், மணல் எதுவும் வேண்டாம். மிச்சத் தீவனம் கல்லுக்கடியில் போய் அழுகும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரு ஏர் பம்பில் வால்வு போட்டு எல்லாவற்றுக்கும் பிரித்துக்கொள்ளலாம். மேலே மூடி கட்டாயம், கப்பி குதிக்கும். மாடியில் வைப்பவர்கள் வலையும் போட வேண்டும். காக்கைக்கு மட்டுமல்ல, தட்டானுக்காகவும். தட்டான் தண்ணீரில் முட்டையிட்டுப் போகும். அதன் புழு அடியில் பதுங்கிக்கொண்டு குட்டி மீனை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். “தினம் இரண்டு குட்டி குறைகிறது, செத்த மீனும் கிடைக்கவில்லை” என்றால் டப்பின் அடியைத் துழாவிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் செய்யும் ஒரு தவறு, நல்லது செய்வதாக நினைத்து ஆர்ஓ தண்ணீரை ஊற்றுவது. கப்பிக்கு உப்புச்சத்துள்ள, சற்றுக் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். பிஎச் 7 முதல் 8 வரை இருக்கலாம். சோப்பு நுரைக்காத போர் தண்ணீரிலும் நன்றாக வளரும். தாது நீக்கிய ஆர்ஓ தண்ணீரில் துடுப்பு ஒடுங்கி வாடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்து ஏர் ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள், அல்லது ஆன்டி குளோரின் போடுங்கள். எந்தத் தண்ணீரானாலும் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரி. மார்கழி, தை இரவுகளில் 23க்குக் கீழே போகும் ஊர் என்றால் ஹீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டி 32ஐத் தாண்டினால் நிழல்வலையும் கூடுதல் ஏரும் வேண்டும்.

புதுத் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டுச் சில வாரம் பழக்கிய பிறகே மீனை விட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அவசரமாக வேண்டுமென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சை எடுத்துப் போடுங்கள்.

ஜோடி சேர்ப்பும் பேறும்

ட்ரையோவை பத்து நாள் ஒன்றாக விட்டு, ஆணை எடுத்துவிட்டு, பெண்களைத் தனித்தனியாக வையுங்கள். தனித்தனியாக என்பது முக்கியம். எந்தத் தாயின் குட்டி எது என்று தெரிந்தால்தான் பின்னால் தேர்வு செய்ய முடியும். சேர்ந்ததிலிருந்து நான்கு வாரம் சுமாரில் பேறு வரும். குளிரில் சில நாள் தள்ளிப்போகும்.

வயிற்றின் பின்பக்கம், மலத்துடுப்புக்கு (மலத்துளைக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு) மேலே இருக்கும் கறுப்புப் பொட்டு பெரிதாகி, வயிறு பக்கவாட்டில் பெட்டி மாதிரி சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது. அப்போது போய் வலையில் பிடித்து மாற்றாதீர்கள். கடைசி நேரத்தில் இடம் மாற்றினால் பயத்தில் மஞ்சள் கரு ஒட்டிய குறைக்குட்டிகளைப் போட்டுவிடும். ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். கடையில் விற்கும் சின்னப் பிளாஸ்டிக் பேறுப்பெட்டியில் தாயை நாள்கணக்கில் அடைப்பதும் இதே கதைதான். பதிலாகத் தொட்டியில் பாதிக்கு ஜாவா மாஸ் (நீரில் வளரும் பாசி) அல்லது பிரித்துவிட்ட நைலான் கயிற்றுக் கற்றை போடுங்கள். குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தாய்க்கு வயிறு நிறையத் தீவனம் கிடைத்தால் குட்டியைத் தின்னத் துரத்துவது குறையும். போட்டு முடித்ததும் தாயை எடுத்துவிடுங்கள். முதல் ஈற்றில் பத்துப் பதினைந்துதான் வரும். இரண்டாம் மூன்றாம் ஈற்றில் முப்பது, நாற்பது என்று கூடும்.

குட்டிக்கு முதல் ஒரு மாதம்தான் எல்லாம். இந்த மாதத்தில் பட்டினி கிடந்த மீனை அப்புறம் என்ன போட்டாலும் தேற்ற முடியாது. ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. அதில் இரண்டு வேளையாவது அன்று பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு.

ஆர்ட்டீமியா பொரிப்பது இப்படி. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேராத கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை. ஏர் டியூப் மூடிப் பக்கத்தின் அடி வரை போய் வேகமாகக் கொப்பளிக்க வேண்டும். முட்டை எங்கும் தங்கக் கூடாது. பக்கத்தில் ஒரு பல்பு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். ஏரை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே இறங்கும், பொரியாத முட்டை அதற்கும் அடியில் தங்கும். டியூபால் உறிஞ்சும்போது முதலில் வரும் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு அடுத்து வரும் ஆரஞ்சை மட்டும் மெல்லிய துணியில் பிடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு கலந்தால் குட்டியின் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் முட்டையின் பழமையில்தான். டப்பாவைத் திறந்த நாளிலிருந்து ஈரம் படாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அவித்த முட்டையின் மஞ்சள் கரு வேண்டாம். மலிவுதான். ஆனால் தண்ணீரைக் கெடுக்கும் வேகத்தில் குட்டி சாகும். குட்டித் தொட்டியில் அடிக்கழிவைத் தினமும் உறிஞ்சி, கால் பங்கு தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

மூன்றாவது வாரம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். “இன்னும் சின்னதாகத்தானே இருக்கிறது, அடுத்த ஞாயிறு பிரிக்கலாம்” என்று விட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஆண் முந்திக்கொண்டு பாதிப் பெண்களைச் சினையாக்கியிருக்கும். பதினெட்டாம் நாளிலிருந்தே பார்க்கத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

குட்டியை ஒரு சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். வயிற்றின் கடைசியில் மங்கலான கறுப்புப் பொட்டு தெரிந்தால் பெண். அதன் மலத்துடுப்பு கீழ்நோக்கி விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஆணுக்குப் பொட்டு இருக்காது. மலத்துடுப்பு நாளாக நாளாக ஒடுங்கி, பின்னோக்கிச் சாய்ந்த ஊசி மாதிரி ஆகும். அதுதான் கோனோபோடியம், ஆணின் சேர்க்கை உறுப்பு. அல்பினோவில் கறுப்பு நிறமியே இல்லாததால் பொட்டு மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோதான் தெரியும். அதில் துடுப்பின் வடிவத்தை மட்டுமே நம்புங்கள். சந்தேகமான மீனை ஆண் தொட்டியில் போடுங்கள். ஆண் தொட்டிக்குப் போன பெண் ஒன்றுதான் நஷ்டம். பெண் தொட்டிக்குப் போன ஆண் ஒரு ஈற்றையே கெடுக்கும். பிரித்த பிறகும் வாரம் ஒருமுறை பெண் தொட்டியைப் பாருங்கள். ஒரு ஆண் தென்பட்டு, அது எப்போது முதிர்ந்தது என்று தெரியாவிட்டால், அந்தத் தொட்டிப் பெண்கள் கன்னி இல்லை என்று முடிவுகட்டிவிடுங்கள். கசப்பான முடிவுதான், வேறு வழியில்லை.

35 லிட்டரில் இருபது மீனுக்கு மேல் வளர்க்காதீர்கள். நெருக்கத்தில் வளர்ந்த மீன் சிறுத்தால் அது மரபா, இடநெருக்கடியா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மீனிலிருந்து தேர்ந்தெடுப்பது குருட்டுத் தேர்வு.

எதை வைப்பது, எதைக் கழிப்பது

முதல் சுற்று ஆறாவது வாரம். முதுகு வளைந்தது, தாடை கோணியது, அடியில் வயிறு இழுபட நீந்துவது, மற்றவற்றில் பாதியே இருப்பது எல்லாம் உடனே வெளியே. நிறத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இந்த வயதில் ஒன்றிரண்டு ஆண்கள் மற்றவற்றுக்கு முன்பே நிறம் பிடித்து மினுக்கும். எல்லாரும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆண் கப்பி முதிர்ந்துவிட்டால் உடம்பு வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். சீக்கிரம் மினுக்கியது சின்னதாகவே நின்றுபோகும். அதையே தந்தையாக வைத்தால் நான்கு தலைமுறையில் இனமே குட்டையாகும். மெதுவாக நிறம் பிடித்து, உடம்பு போட்ட ஆணுக்காகக் காத்திருங்கள்.

இரண்டாம் சுற்று மூன்றாம் மாதம், கடைசிச் சுற்று நான்காம் மாதம். ஆணை ஓரமாக நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். வாலும் உடம்பும் சேரும் இடம் தடிமனாக இருக்க வேண்டும். அது மெலிந்திருந்தால் ஆறு மாதத்தில் வாலின் பாரம் தாங்காமல் தலை மேலே, வால் கீழே என்று சாய்ந்து நீந்தும். வால் விரியும்போது மேல் ஓரமும் கீழ் ஓரமும் நேர்கோடாக இருக்கிறதா, பின் ஓரம் கிழியாமல் இருக்கிறதா, முதுகுத் துடுப்பின் நிறம் வாலின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாலில் சிவப்பும் முதுகில் வெளிறலும் இருந்தால் அது குறை. பெண்ணைக் கண்டதும் வளைந்து ஆடிக்காட்டாத ஆண் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. மிக அகன்ற வால் உள்ள ஆண் துரத்திப் பிடிக்க முடியாமல் தோற்கும். அதனால் வால் முழுசாக விரியுமுன், நான்கு மாதத்திலேயே ஜோடி சேர்த்துவிடுவது நல்லது.

பெண்ணில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. உடம்பின் நீளம், வால் அடியின் தடிமன், வால் துடுப்பின் அகலம், முதுகுத் துடுப்பின் உயரம், வாலில் லேசாகத் தெரியும் இனத்தின் நிறம். சிறந்த ஆணின் உடன்பிறந்த பெண்களில் மிகப் பெரிய இரண்டை எடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கன்னியாகவே வைத்தால் சினை பிடிப்பது சிரமமாகும்.

ஜோடி சேர்ந்த பெண் உங்கள் காப்பீடும்கூட. உங்கள் ஒரே நல்ல ஆண் நாளை இறந்தாலும் அதன் விந்து பெண்ணிடம் இருக்கும். அடுத்த சில ஈற்றுகள் அதே ஆணுடையவைதான். அதனால் நல்ல ஆணை ஒரு பெண்ணோடு நிறுத்தாமல் இரண்டோடு சேருங்கள்.

யாரிடமிருந்து எது வருகிறது

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது கப்பியில் பாதிதான் சரி. மகனுக்கு ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்தும், எக்ஸ் தாயிடமிருந்தும் வருகிறது. கப்பியின் சில நிறங்கள் ஒய்யில் மட்டுமே ஏறிக்கொண்டு தந்தையிடமிருந்து மகனுக்கு நேராகப் போகின்றன. டென்மார்க் ஆய்வாளர் யோஹானஸ் ஷ்மிட் 1920இலும், அவரைத் தொடர்ந்து ஓய்விண்ட் விங்கே 1922இலும் இதைக் கப்பியில் ஆய்ந்து எழுதிக் காட்டினார்கள். மாஸ்கோ நிறமும் பெரும்பாலான பாம்புத்தோல் வகைகளும் இப்படி ஒய்வழி வருபவை. இதன் நடைமுறைப் பொருள்: வெளியிலிருந்து புது ரத்தம் சேர்க்க வேண்டுமானால் உங்கள் ஆண், வெளிப் பெண் என்று சேருங்கள், மகன்களுக்கு நிறம் இருக்கும். உங்கள் பெண்ணோடு வெளி ஆணைச் சேர்த்தால் மகன்களில் நிறம் காணாமல் போய்விடும். எக்ஸ்வழி வரும் நிறத்தில் கதை தலைகீழ்: தந்தையின் எக்ஸ் மகளுக்குத்தான் போகும், பேரனில்தான் திரும்பத் தெரியும்.

அல்பினோ வேறு வகை. அது ஒடுங்கு பண்பு; தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அல்பினோ ஃபுல் ரெட் ஆணைக் கறுப்புக் கண் ஃபுல் ரெட் பெண்ணோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் கறுப்புக் கண். “ஏமாற்றிவிட்டார்கள்” என்று இங்கே கைவிடுபவர்கள் அதிகம். அந்தக் குட்டிகளை அண்ணன் தங்கையாகச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ. 40 குட்டியில் பத்து, அதில் ஆண் ஐந்துதான் தேறும். அந்தக் கறுப்புக் கண் மகளையே அல்பினோ தந்தையோடு சேர்த்தால் பாதி அல்பினோ; 40க்கு இருபது. தொட்டி குறைவாக உள்ளவர் இரண்டாவது வழியில் போகட்டும். அல்பினோவை அல்பினோவோடு தொடர்ந்து பல தலைமுறை சேர்த்தால் மீன் மெலியும் என்பதால்தான் இந்தச் சுற்றுவழியே.

துடுப்புகள் நாடா மாதிரி நீண்ட ரிப்பன் வகையை எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: ரிப்பன் ஆணின் கோனோபோடியமும் நீண்டுவிடுவதால் அதனால் சேர முடியாது. நீளத் துடுப்பில்லாத அதன் அண்ணன் தம்பியை ரிப்பன் பெண்ணோடு சேர்க்க வேண்டும். பாதிக் குட்டி ரிப்பனாக வரும்.

இரண்டு கிளை

முதல் ட்ரையோவின் இரண்டு பெண்களின் குட்டிகளை அ கிளை, ஆ கிளை என்று தனித்தனியாக நடத்துங்கள். ஒவ்வொரு கிளையிலும் சிறந்த ஆணும் உடன்பிறந்த பெண்ணும் அல்லது தந்தையும் மகளும் சேரலாம். இதனால்தான் இனம் நிலைக்கும், இதனால்தான் கெடவும் கெடும். அண்ணன் தங்கை ஒரு தலைமுறை சேர்ந்தால் உள்ளினப்பெருக்கக் கெழு (தாய், தந்தை இருவழியிலும் ஒரே மூதாதையின் மரபணு வந்துசேரும் வாய்ப்பு) 25 சதவீதம். இரண்டாம் தலைமுறையில் 37.5, மூன்றாவதில் 50. ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறைவது, முதுகு வளைவு அடிக்கடி வருவது, உடம்பு சிறுப்பது எல்லாம் அதன் அடையாளம். அதற்காகக் காத்திருக்காமல் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையில் அ ஆணை ஆ பெண்ணோடு சேருங்கள். கிளை இரண்டும் தளர்ந்துவிட்டால் மட்டும், அதே இனத்தை வளர்க்கும் இன்னொருவரிடமிருந்து ஒரு மீன். வேறு இனத்தை உள்ளே விட்டால் திரும்பச் சீராக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

தலைமுறைக்கு ஐந்து மாதம்; வருடத்துக்கு இரண்டு, இரண்டரை. ஒவ்வொரு தொட்டியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கிளை, தலைமுறை, பிறந்த தேதி எழுதுங்கள்: “அ-2, மார்ச் 14, 32 குட்டி.” நோட்டில் தாய், தந்தை, எத்தனை கழித்தது, எதற்காகக் கழித்தது என்று ஒரு வரி. ஒரே தாயின் குட்டிகளில் இரண்டு ஈற்றிலும் முதுகு வளைவு வந்தால் அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும்.

கழித்த மீனை என்ன செய்வது

தேர்வு என்றால் பத்தில் எட்டைக் கழிப்பது. ஆரோக்கியமாக, நிறத்தில் மட்டும் குறையுள்ளதை அழகுக்கு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கலாம். கொசுவுக்கு நல்லது என்று ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்; தென் அமெரிக்க மீன் அது, நம்மூர்ச் சிறு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டின் மூடிய சிமெண்ட் தொட்டியில் கொசுப்புழுவுக்காக விட்டால் பாதகமில்லை. கழித்த டப்பிலும் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்காதீர்கள். மூன்று மாதத்தில் வீட்டிலேயே பெரிய தொட்டி கேட்கும். ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெண்களை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.